லி ஜிகி: அந்தக் கிராமத்துப் பெண் நிஜமா, மூன்று வருடம் ஏன் காணாமல் போனார்?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. சீனக் கிராமம் ஒன்றில் பாட்டியோடு இருந்துகொண்டு, விதை போடுவதிலிருந்து விருந்து பரிமாறுவதுவரை ஒரே ஆளாக யூடியூப் வீடியோவில் செய்து காட்டும் லி ஜிகி நிஜமான கிராமத்துப் பெண்தானா, இல்லை ஏதாவது கம்பெனி போட்ட செட்டா? உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர் 2021-ல் திடீரென்று வீடியோ போடுவதை நிறுத்தியது ஏன்?

பெண் நிஜம், அவர் கை வேலையும் நிஜம். காட்டிய விதத்தில் நிறைய யோசனை இருக்கிறது. நிறுத்தியதற்குக் காரணம், ஊர் உலகமெல்லாம் தெரிந்த அந்தப் பெயர் அவருடைய கையில் இல்லாமல் போனது. விரும்பிக் கேட்டிருப்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பதினெட்டு வருடமாக வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன், பெரும்பாலும் கல்யாண வீடியோ. ஒரு மாப்பிள்ளை, "எங்க ஊரை இந்த மாதிரி காட்டுங்கண்ணா" என்று அனுப்பிய லிங்க்கில்தான் இவரை முதலில் பார்த்தேன். அன்று ராத்திரி வேலையை ஓரம் கட்டிவிட்டு வரிசையாக ஏழெட்டு வீடியோ பார்த்தேன். அப்புறம் என் அம்மாவும் சேர்ந்துகொண்டார். அம்மாவுக்குச் சீன மொழியும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் ஜிகி என்று வாசித்துப் பழகிவிட்டோம். சீனர்கள் சொல்வது ஏறக்குறைய "ட்ஸு-ச்சி" என்று கேட்கும். நம் வாயில் நிற்கிற பெயரையே வைத்துக்கொள்கிறேன். அதுகூட அவருடைய இயற்பெயர் இல்லை. இயற்பெயர் லி ஜியாஜியா. 1990 ஜூலையில், தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் மியான்யாங் பகுதியில் பிறந்தார். லி ஜிகி என்பது வீடியோவுக்காக வைத்துக்கொண்ட பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வந்த சண்டைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

பெற்றோர் சின்ன வயதிலேயே பிரிந்துவிட்டார்கள். ஆறு வயது வாக்கில் அப்பா இறந்துபோனார். மாற்றாந்தாயிடம் அந்தக் குழந்தை படும் பாட்டைப் பார்த்துத் தாத்தாவும் பாட்டியும் தங்களிடம் கூட்டி வந்துவிட்டார்கள். தாத்தா விவசாயி, ஊரில் விசேஷம் என்றால் சமையலுக்கு அழைக்கப்படுபவர், மூங்கில் வேலையும் தெரிந்தவர். அவர் பின்னாலேயே சுற்றிச் சுற்றித்தான் அந்தப் பெண் அடுப்பு மூட்டவும் மூங்கில் பிளக்கவும் கற்றுக்கொண்டது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது தாத்தாவும் போய்விட்டார். பாட்டி ஒருத்தி சம்பாத்தியத்தில் படிப்பைத் தொடர முடியவில்லை. பதினான்கு வயதில் நகரத்துக்கு வேலைக்குப் போனார்.

அந்தக் காலகட்டத்தை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பூங்கா பெஞ்சில் படுத்துத் தூங்கியது, தொடர்ந்து இரண்டு மாதம் வெறும் ஆவியில் வேகவைத்த பன் தின்று ஓட்டியது, மாதம் 300 யுவான் சம்பளத்துக்கு ஓட்டலில் தட்டு எடுத்தது எல்லாம். பிற்பாடு இசை கற்றுக்கொண்டு மதுபான விடுதிகளில் டி.ஜே. வேலை பார்த்தார். வீடியோவில் பருத்திச் சட்டையோடு வயலில் நிற்பவர் நகரத்து இரவு விடுதியில் பாட்டுப் போட்டவர் என்று தெரிந்ததும் சிலர், "பார்த்தாயா, எல்லாம் வேஷம்" என்றார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் தோன்றுகிறது. அந்த வருடங்களில் சீனக் கிராமங்களிலிருந்து கோடிக்கணக்கான இளவட்டங்கள் நகரத்துக்குப் போனார்கள். ஊரில் மிஞ்சியது தாத்தா பாட்டிகளும் பேரக் குழந்தைகளும்தான். இவருடைய வாழ்க்கை அந்தத் தலைமுறையின் வாழ்க்கை. ஒரே வித்தியாசம், 2012-ல் பாட்டிக்கு உடம்பு முடியாமல் போனபோது இவர் திரும்பி வந்துவிட்டார்.

வந்தாயிற்று, சோற்றுக்கு என்ன வழி? தாவோபாவ் என்ற இணையச் சந்தையில் சின்னதாக ஒரு கடை போட்டார். வியாபாரம் ஓடவில்லை. வீடியோ போட்டால் கடைக்கு ஆள் வருமே என்று தம்பி யோசனை சொன்னதில் 2016-ல் ஆரம்பித்ததுதான் இதெல்லாம். பீச் மரத்துப் பூவைப் பறித்து மது ஊறவைப்பது ஆரம்ப வீடியோக்களில் ஒன்று. முதலில் மெய்பாய் என்ற குறும்பட ஆப்பில் போட்டார், பிறகு வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில். யூடியூப் சேனல் வந்தது 2017-ல்.

தொடக்கத்தில் அவரே எடுத்து, அவரே நடித்து, அவரே வெட்டி ஒட்டினார். எடிட்டர் கண்ணுக்கு அது தெரியும். கேமரா நிற்கிற இடத்தில் நிற்கும்; ஆள் உள்ளே வருவார், வேலை செய்வார், வெளியே போவார். மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறி மறைகிற ஒரு ஷாட் இருக்கிறது என்று வையுங்கள். ஸ்டாண்டில் கேமராவை வைத்து, ஃபோகஸ் பார்த்து, ரெக்கார்டு போட்டு, கூடையோடு மேடேறி மறைந்து, மறுபடி இறங்கி வந்து கேமராவை நிறுத்த வேண்டும். வெளிச்சம் சரியில்லை என்றால் திரும்பவும் கூடையைத் தூக்க வேண்டும். திரையில் ஆறு செகண்டு வரும் ஷாட்டுக்கு அரை மணி நேரம் போய்விடும். நாங்கள் மூன்று பேர் போய் எடுப்பதற்கே நாக்குத் தள்ளும். 2017-க்குப் பிறகு ஒரு கேமராமேனும் ஓர் உதவியாளரும் சேர்ந்தார்கள், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் மண்வெட்டியும் அரிவாளும் அவர் கையில்தான் இருந்தன. கத்தி பிடிக்கிற கையை ஏமாற்ற முடியாது. க்ளோசப்பில் காய் நறுக்குகிற வேகத்தைப் பாருங்கள், கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு ஓடும்.

லான்ஜோ ஊர்க்காரர்களின் கையால் இழுக்கும் மாட்டிறைச்சி நூடுல்ஸ் வீடியோ 2016-ன் கடைசியில் வந்து சீனாவில் பெரிய அளவில் ஓடியது. மாவை இரண்டு கைக்கும் நடுவில் இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து நூலாக்குகிற வித்தை அது. ஒரு மடிப்புக்கு இழை இரட்டிக்கும். மாவு பக்குவம் தப்பினால் நடுவிலேயே அறுந்துவிடும். கேமராவுக்காக இரண்டு தரம் செய்து பார்த்து வருகிற வேலையா அது? முறையாகத் தெரிந்தவரிடம் கற்று, கைக்கு வரும்வரை பழகிய பிறகுதான் படம் பிடித்தார்.

அவர் வீடியோவில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுவது காலம். பூண்டின் வாழ்க்கை, நெல்லின் வாழ்க்கை என்று ஒரு வரிசை செய்தார். பூண்டுப் பல்லை ஊன்றுவதில் தொடங்கி, தழை, தண்டு, பிடுங்கல், காயவைத்துப் பின்னித் தொங்கவிடுதல், அப்புறம் அதிலிருந்து ஏழெட்டுப் பதார்த்தம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடும். இதை எடுக்க வேண்டுமென்றால் அக்டோபரில் எடுத்த ஷாட்டை மே மாதம்வரை தொடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு வீடியோவின் துண்டுகள் கையில் பாதியில் நிற்கும். வாரத்துக்கு மூன்று வீடியோ போட்டாக வேண்டும் என்று எல்லோரும் ஓடுகிற இடத்தில், சோயா மொச்சையை விதைத்து, அறுத்து, அவித்து, பூஞ்சை ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவைத்து சாஸ் எடுக்கும்வரை ஒருவர் காத்திருந்தார். தூரிகை, மை, காகிதம், மை அரைக்கும் கல் என்கிற எழுத்துக்கருவிகள் நான்கையும் செய்து காட்டிய வீடியோவுக்கு வருடக்கணக்கில் ஆனது.

பருத்தி வீடியோவில் ஓர் இடத்தை அம்மா நிறுத்தச் சொன்னார். விதைத்து, பறித்து, கொட்டை நீக்கிய பஞ்சை ஒரு பெரிய வில்லின் நாணில் அடித்து அடித்து அவர் உதறுகிறார். டொய்ங், டொய்ங் என்று ஒரு சத்தம். "இது நம்ம தெருவுக்கு மெத்தை தைக்க வருவாரே, அவர் வில்லு" என்றார் அம்மா. அதே வேலை, அதே சத்தம். அந்தப் பஞ்சு மேகம் மாதிரி எழும்ப, நூல் வலை போட்டு அழுத்தி, பாட்டிக்கு ஒரு கம்பளிப் போர்வை கனத்துக்குப் பஞ்சுப் போர்வை ஆகிவிடும். பேச்சு என்று பார்த்தால், "பாட்டி, சாப்பிடலாம் வாங்க" என்கிற அளவுக்குச் சிச்சுவான் வட்டார வழக்கில் ஒன்றிரண்டு வாக்கியம். மீதியெல்லாம் கத்தி, தண்ணீர், விறகு, கோழி. உலகம் முழுக்கப் போனதற்கு அந்த மௌனம் பெரிய காரணம்.

2019 டிசம்பரில் சீன அரசுத் தொலைக்காட்சி அவரைப் பாராட்டிப் பேசியது. இவர் செய்வது சீனப் பண்பாட்டை வெளியே கொண்டு போவதா, இல்லை ஏழைக் கிராமத்தை அழகாக்கி விற்பதா என்று வெய்போவில் பெரிய விவாதம் நடந்தது. 2020-ல் ஊரடங்கு வந்து உலகமே வீட்டுக்குள் அடைபட்டபோது அவர் தோட்டத்துக்குக் கூட்டம் கூடியது. 2021 ஜனவரியில் முட்டைக்கோஸ் ஊறுகாய் வீடியோ ஒன்றுக்குச் சீன உணவு என்று குறிப்பிட்டதற்குத் தென்கொரியர்கள், "கிம்ச்சி எங்களுடையது" என்று கொதித்தார்கள். அடுத்த மாதமே, 1 கோடியே 41 லட்சம் சந்தாதாரர்களோடு சீன மொழி யூடியூப் சேனல்களில் முதலிடம் என்று கின்னஸ் அறிவித்தது. சீனாவுக்குள் யூடியூப் தடை செய்யப்பட்ட ஒன்று என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்தக் கூட்டம் பெரும்பாலும் வெளியாட்கள்.

குறை சொல்பவர்களின் பேச்சில் நியாயமான ஒன்று உண்டு. விவசாயம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. உரச் செலவு, கடன், இடுப்பு வலி, விளைந்தும் விலை கிடைக்காத வருத்தம் எதுவும் அந்தச் சட்டகத்துக்குள் வராது. அவர் வெட்டி எடுத்துவிட்டது அதைத்தான். எடிட்டிங் என்றாலே எதை விடுகிறோம் என்பதுதானே. சிறு வயதில் பட்ட கஷ்டத்தை அவர் மறந்துவிடவில்லை. தான் ஏங்கிய ஒரு வீட்டைக் கட்டிக் காட்டினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இன்னொரு குறை எனக்கே உண்டு. 2018-ல் அவர் பெயரில் இணையக் கடை திறந்தார்கள். அதில் சக்கைப்போடு போட்ட சரக்கு லுவோசிஃபென், அதாவது ஆற்று நத்தை ரசத்தில் போடும் அரிசி நூடுல்ஸ். அது அவருடைய சிச்சுவான் உணவுகூட இல்லை, குவாங்சி பகுதியின் லியூஜோ நகரத்துச் சமாச்சாரம். கையால் அரைத்துக் காட்டியவர் பெயரில் ஆலையில் பாக்கெட் போட்ட நூடுல்ஸ். அந்தக் காசு எங்கே போனது என்று பார்த்தால்தான் இரண்டாம் கேள்விக்குப் பதில் வரும்.

2016-லேயே ஹாங்சோ நகரத்து வெய்னியன் என்ற நிறுவனம் அவரைக் கண்டுபிடித்து ஒப்பந்தம் போட்டது. வீடியோ எடுப்பது அவர் பொறுப்பு, பரப்புவதும் வியாபாரமும் அவர்கள் பொறுப்பு. 2017-ல் இரு தரப்பும் சேர்ந்து சிச்சுவான் ஜிகி கலாசார நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் வெய்னியனுக்கு 51 சதவீதம், அவருக்கு 49. நூற்றுக்கு இரண்டு வித்தியாசம்தானே என்று தோன்றும். கையெழுத்துப் போடும் நாளில் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். முடிவு எடுக்கும் உரிமை முழுக்க அந்த இரண்டில் இருக்கிறது. அந்தக் கூட்டு நிறுவனம் தவிர, பெரிய பணம் புரண்ட நூடுல்ஸ் வியாபாரத்தை நடத்தியது வெய்னியன். லி ஜிகி என்ற பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ததும் அவர்களே. 2021-ல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் வெய்னியனில் முதலீடு செய்தது. அந்த முதலீட்டுக்கெல்லாம் காரணமான முகத்துக்கு வெய்னியனில் பங்கே கிடையாது.

2021 ஜூலை 14 அன்று ஒரு வீடியோ வந்தது. விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சாஸ், வினிகர், தேயிலை என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய ஏழு பொருளைச் சொல்லும் சீன வழக்கு உண்டு. அந்த ஏழில் உப்பைப் பற்றியது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. ஆகஸ்டில், போலீசில் புகார் கொடுத்ததாகவும் மூலதனம் வைத்திருப்பவர்களின் சாமர்த்தியத்தைக் குறித்தும் வெய்போவில் ஒரு வரி எழுதி, சீக்கிரமே எடுத்துவிட்டார். அக்டோபரில் வெய்னியனோடு நடக்கும் வழக்கு வெளியே தெரிந்தது.

என்ன செய்திருக்கலாம்? வேறு பெயரில் வேறு சேனல் ஆரம்பித்திருக்கலாம், கோடிப் பேர் வந்திருப்பார்கள். செய்யவில்லை. நேரலையில் வந்து பொருள் விற்றிருக்கலாம். சீனாவில் அப்போது அதில் பணம் கொட்டியது. அதையும் செய்யவில்லை. போடுகிற ஒவ்வொரு வீடியோவும் எதிர்த்தரப்பின் கடைக்கு விளம்பரமாகும் என்ற நிலையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு படைப்பாளிக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இருக்க முடியாது. முப்பத்தொரு வயதிலிருந்து முப்பத்து நான்கு வரை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு நெருங்கிய ஒரு தம்பி, சமையல் வீடியோ போடுபவன், சேனலை வளர்த்துத் தருகிறோம் என்று வந்த ஒரு ஏஜென்சியிடம் கையெழுத்துப் போட்டான். சேனலின் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் அவர்களிடம். ஒன்றரை வருடம் கழித்துக் கணக்குக் கேட்டபோது உள்ளேயே நுழைய முடியவில்லை. அவன் முகம் இருக்கிற சேனல் அவன் இல்லாமல் நடந்தது. அவனிடம் வழக்குப் போடப் பணமும் இல்லை, தெம்பும் இல்லை. கேமரா முன்னால் நிற்பவர்கள் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை இல்லை. பெயர் யார் பேரில் பதிவாகிறது, லாகின் யாரிடம் இருக்கும், பிரிந்தால் பழைய வீடியோ யாருக்கு என்ற மூன்று இடத்தைப் பார்க்க வேண்டும்.

லி ஜிகிக்குத் தெம்பு இருந்தது. 2022 டிசம்பர் 27-ல் மியான்யாங் நீதிமன்றத்தின் சமரசத்தில் வழக்கு முடிந்தது. அந்தக் கூட்டு நிறுவனத்தில் அவர் பங்கு 99 சதவீதம் ஆனது, வெய்னியனுக்கு 1. சரி, மறுநாளே வீடியோ வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம் எடுத்துக்கொண்டார். பாட்டியோடு இருந்தார்; பாரம்பரியக் கைவினைஞர்களைத் தேடி மாகாணம் மாகாணமாகப் போனார்.

2024 நவம்பர் 12. அன்று எனக்கு ஒரு நிச்சயதார்த்த வீடியோ டெலிவரி. ஃபோன் திரையில் அவர் பெயரோடு நோட்டிஃபிகேஷன் வந்ததும் அப்படியே போட்டுவிட்டுப் பார்த்தேன். பாட்டியின் பழைய அலமாரியைச் சீனமெருகு பூசிப் புதுப்பிக்கிறார். நம்மூர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. சீனமெருகோ ஒரு மரத்தின் பால். பட்டையைக் கீறி எடுக்கும்போது வெளிறிப்போய் இருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும். தோலில் பட்டால் பலருக்குத் தடித்துக் கொப்பளிக்கும். வெயிலில் வைத்தால் சரியாகக் காயாது. ஈரப்பதம் உள்ள இடத்தில் வைத்தால்தான் இறுகும். ஒரு பூச்சு, காய்வு, தேய்ப்பு, அதன்மேல் இன்னொரு பூச்சு. அடியில் மேடாக வரைந்த சித்திரம் பூச்சுகளுக்குள் முழுக்க மறைந்துபோகும். கடைசியில் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் தேய்க்க, மறைந்த உருவம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும்.

ஷாட்டுகள் முன்பைவிட மெருகேறியிருந்தன, பின்னால் ஆட்கள் கூடியிருப்பார்கள் என்று தெரிந்தது. ஆனால் வேலையின் வேகம் மாறவில்லை, அவசரமே இல்லை. சில நாட்களில் கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். யூடியூப்பில் மட்டும் இன்று சந்தாதாரர்கள் இரண்டு கோடிக்கு மேல். முன்போல அடிக்கடி வீடியோ போடுவதில்லை. அது எனக்கு நிம்மதியாகவே இருக்கிறது.

நீங்கள் இதுவரை பார்த்ததில்லை என்றால் பருத்தியில் ஆரம்பியுங்கள். அடுத்து சோயா சாஸ், பிறகு எழுத்துக்கருவிகள், கடைசியில் அந்த அலமாரி. ஃபோனில் பார்ப்பதானால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவைத் தேய்க்கும்போது முதலில் கரகரவென்று இருக்கும் சத்தம், போகப்போக வழவழப்பாகி, கடைசியில் தண்ணீர் சத்தம் மட்டும் மிஞ்சும். அம்மா அந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.